கறையான் தின்னாத பிடி

இன்று காலை சவர்க்காரம் வாங்கச் சந்திக் கடைக்குப் போனேன். நீளக் கட்டியாக வந்திருந்த மஞ்சள் சவர்க்காரத்தைக் கடைக்காரர் கம்பியால் அறுத்து, ஒரு துண்டைப் பழைய பேப்பரில் வைத்து நீட்டினார். அந்த மணம் மூக்கில் ஏறியதும் என் பெருவிரல் தானாகவே அதை அழுத்திப் பார்த்தது. விரல் அளவுக்குப் பள்ளம் விழுந்தது.

"என்ன காக்கா அமத்திப் பாக்கிறயள்? நேத்து வந்த சாமான்தான்" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் கடைக்காரர்.

"ஓம், பதமாத்தான் இரிக்கி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சவர்க்காரத்தின் பதம் பார்க்க என்னைப் பழக்கியவள் நீ. அதை அவருக்கு எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இது நீ பார்க்காத வீடு. கடலிலிருந்து தள்ளி, வயலை நிரப்பிக் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்று. எல்லா வீடும் ஒரே அச்சு. வந்த புதிதில் இரண்டு மூன்று தரம் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வெட்கப்பட்டுத் திரும்பியிருக்கிறேன். ஓர் அறையில் நான், மற்ற அறையில் தையல் மெஷின். கதைப்பதற்கு ஆளில்லாத நாட்களில் மெஷினை ஓட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பேன், துணி இல்லாவிட்டாலும்.

நான் உன் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன். நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் ஒரு பெட்டியோடு போய்ச் சேருகிறவன். என் பெட்டியில் உடுக்க நாலு சாரனும் துணி வெட்ட ஒரு கத்தரிக்கோலும் இருந்தன. சாய்ந்தமருதில், கடற்கரை வீதியிலிருந்து இரண்டு வளவு உள்ளே, உன் வீட்டு நடு மண்டபச் சுவரில் இரண்டு கைத்துவக்குகள் தொங்கின. உன் உம்மாவின் பாட்டனார் சாகாமப் பக்கம் நிறைய வயல் வைத்திருந்த பெரிய போடியார். காட்டில் காய்ச்சலோடு கிடந்த ஒரு வெள்ளைக்கார நில அளவைக்காரரை வீட்டுக்குத் தூக்கி வந்து, எழுந்து நடக்கும் வரை பார்த்தாராம். சொந்த ஊருக்குப் போகும்போது அந்த ஆள் கொடுத்துவிட்டுப் போன சோடி அது. அன்றிலிருந்து வீட்டோடு சேர்ந்து உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்தது. ஒன்று உனக்கு, ஒன்று உன் தங்கைக்கு. அவள் அட்டாளைச்சேனைக்குக் குடிபோனபோது, துவக்கு என்ற பெயரே வேண்டாம் என்று அவள் கணவர் சொன்னதால், தன்னுடையதையும் உன் சுவரிலேயே விட்டுப் போனாள்.

அவை சுடாத துவக்குகள். குழாய் அடைபட்டு, விசை இறுகி, நம் காலத்துக்கு முன்பே செத்துப்போனவை. அழகெல்லாம் பிடியில்தான் இருந்தது. இரும்புச் சட்டத்தின் இரண்டு பக்கமும் சிப்பியின் இரண்டு ஓடுகள் போல இரண்டு மரத்துண்டு. இரண்டையும் இறுக்கிப் பிடிக்க, ஊடுருவிப் போகும் ஒரு பித்தளைத் திருகாணி. கறுப்புக் கலந்த மண்ணிறம். கட்டம் கட்டமாய் நுணுக்கமான செதுக்கல். எத்தனையோ கை பட்டு ஒரு பக்கம் மழுங்கிப் போயிருந்தது. என்ன மரமென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை காலையில் நீ இரண்டையும் இறக்கி, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, திரும்ப மாட்டுவாய். வீட்டுக்கு வருகிற எவரும் முதலில் அந்தச் சுவரைத்தான் பார்ப்பார்கள்.

பிறகு பிரச்சினை கடுமையான காலம் வந்தது. உன் தங்கைக்கு மூத்த பிள்ளை பிறந்திருந்தது. நாற்பது நாளைக்கு அவளோடு இருக்கவென்று நீ அட்டாளைச்சேனைக்குப் போயிருந்தாய். வீட்டில் நான் மட்டும். ஒருநாள் காலை, மறுநாள் நம் பகுதியில் இராணுவச் சுற்றிவளைப்பு என்று கதை பரவியது. ஆண்கள் அடையாள அட்டையோடு வீட்டில் நிற்க வேண்டுமாம், ஒரு வீடு விடாமல் பார்ப்பார்களாம். நான் சுவரைப் பார்த்தேன். சுடாது என்பது எனக்குத் தெரியும். வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே.

துவக்குகளை இறக்கி, திருகாணிகளைக் கழற்றி, இரும்பை மட்டும் மெழுகுசீலையில் சுற்றிக் கோழிக்கூட்டின் அடியில் புதைத்தேன். நாலு மரத்துண்டும் இரண்டு திருகாணியும் என் கையில் மிஞ்சின. அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவற்றை அந்த அடுப்பில் போட்டேன்.

மறுநாள் வந்தார்கள். அலுமாரியைப் பார்த்தார்கள், கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள். சுண்ணாம்புச் சுவரில் இரண்டு துவக்குகளின் வடிவம் வெளிறித் தெரிந்தது. ஒருவன் அதைக் காட்டி என்னவென்று கேட்டான். "படம் தொங்கினது" என்றேன். அவன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

நீ திரும்பி வந்ததும் கோழிக்கூட்டைத் தள்ளி வைத்து இருவருமாகத் தோண்டினோம். இரும்பைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"மரம் எங்க?"

"கறையான் திண்டிட்டு" என்றேன்.

நீ "ம்" என்றாய். இரும்பைக் கழுவித் துடைத்து, எண்ணெய் பூசி, ஒரு தகரப் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாய். சுவருக்கு வெள்ளை அடித்தோம். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பன்னிரண்டு வருடம் கழித்துச் சமாதானக் காலம் வந்தது. மூடிக்கிடந்த றோட்டுகள் திறந்தன. பாட்டனார் வழியில் உனக்கு வந்த சாகாமத்து வயலை முதல் தரமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று, தகரப் பெட்டியை இழுத்து வெளியே வைத்தாய்.

"இஞ்சேருங்க, இதுக்குப் பிடி போடோணும்."

"என்னத்துக்கு இப்ப?"

"இப்ப இல்லாட்டி எப்ப?"

இரண்டு வருடத்துக்கு மேல் நீடித்த தேடல் அப்படித்தான் தொடங்கியது. முதலில் நம் ஊரில் மேசை கதிரை செய்கிற தளபாட ஓடாவி. இரும்பை நம் வீட்டில் வைத்தே அளந்துபோய்த் தேக்கில் செய்து வந்தார். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. இரும்பில் வைத்தால் அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி சுற்றிவர வெளியே நின்றது. திருகாணிக்குப் பதிலாக அவர் கொண்டு வந்த ஆணியை முறுக்கியதும் ஒரு துண்டு வெடித்துப் போனது. நீ மற்றதைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கையக் கடிக்கிது" என்று திருப்பிக் கொடுத்தாய்.

அடுத்தது கடற்கரையில் தோணி கட்டுகிற ஓடாவி. அவர் கெட்டிக்காரர். இரும்பைப் பார்த்ததும் வெளி வடிவத்தைப் பற்றிக் கதைக்கவே இல்லை. "உள்பக்கம்தான் வேல. இந்த வில்லுக்கு ஒரு பள்ளம் வேணும், இந்த முளைக்கு ஒரு குழி வேணும், இந்த விளிம்புக்கு மரம் ஏறி இரிக்கோணும். நூல் அளவு பிசகினாலும் ஆடும். இரும்பு எனக்கிட்டப் பத்து நாளைக்கி இரிந்தா செய்யலாம்" என்றார். சுவரும் கதவும் இல்லாத கடற்கரைக் கொட்டிலில் துவக்கை விட்டு வைக்க எனக்குத் துணிவில்லை. சமாதானம் என்றாலும் சோதனைச் சாவடிகள் சாவடிகளாகத்தான் இருந்தன. அதை எங்கும் கொண்டு திரியவும் முடியாது.

அப்போதுதான் உனக்குச் சவர்க்காரம் தோன்றியது. கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தவள், ஈரக் கையோடு எழுந்து வந்து, தகரப் பெட்டியைத் திறந்து, இரும்பின் பிடிப்பகுதியைப் புதுச் சவர்க்காரக் கட்டியில் வைத்து அழுத்தினாய். எடுத்தபோது வில்லும் முளையும் விளிம்பும் அச்சாகப் பதிந்திருந்தன. இரண்டு பக்கத்துக்கும் இரண்டு கட்டி. "இனி ஊர் உலகமெல்லாம் கொண்டு போகலாம்" என்றாய். வாழ்நாளெல்லாம் மனிதரை நாடா வைத்து அளந்து பிழைத்தவன் நான். எனக்கு அது தோன்றவில்லை.

உன் வயலைச் செய்தவர்தான் சாகாமத்தில் மண்வெட்டிக்கும் கோடரிக்கும் பிடி போடுகிற ஒருவரைப் பற்றிச் சொன்னார். காலை விந்தி நடக்கிற, நாற்பது வயது மதிக்கத்தக்க தமிழ் ஆள். நம் மோட்டார் சைக்கிளில் போனோம். வழியில் சாவடியில் இறக்கி, பையைத் திறந்து பார்த்த சிப்பாய், குழி விழுந்த சவர்க்காரத்தைக் கையில் எடுத்து, இது என்னவென்று சிங்களத்தில் "மே மொனவாத?" என்று கேட்டான். நான் அவன் கேட்காத அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். நீ அவன் முகத்தை நேரே பார்த்து, "சபன்" என்றாய். அவன் மணந்து பார்த்தான். உண்மையாகவே சவர்க்காரம்தான். திரும்பப் பைக்குள் வைத்துவிட்டான். அடுத்த வளைவு தாண்டும் வரை நீ என் முதுகில் முகத்தை வைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாய்.

சாகாமத்து ஆள் சவர்க்காரத்தை வெயிலுக்குச் சரித்துப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். என்ன இரும்பு என்று கேட்கவில்லை. "பழைய வண்டிச் சட்டம் ஒண்டு கிடக்கு, முதிரை. அம்பது அறுவது வருஷம் காஞ்ச மரம். இனி அசையாது. ஆணி என்ன மாதிரி?" என்று கேட்டார்.

நீ முந்தானை முடிச்சை அவிழ்த்தாய். இரண்டு பித்தளைத் திருகாணிகளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாய்.

அவை அசல் திருகாணிகள். நான் மரத்தோடு சேர்த்து அடுப்பில் போட்டவை. பித்தளை நிறம் போய், கறுத்து, ஒன்றின் தலை கொஞ்சம் உருகியிருந்தது.

அவர் ஒன்றைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். "இது நெருப்புல கிடந்ததா தங்கச்சி?"

"ஓம். அடுப்புல விழுந்திட்டு" என்றாய்.

என் பக்கம் நீ திரும்பவில்லை. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அவரோடு கதைக்கத் தொடங்கிவிட்டாய். பாத்திரம் கழுவ அடுப்புச் சாம்பலைச் சட்டியில் அள்ளி வைப்பவள் நீ. அட்டாளைச்சேனையிலிருந்து வந்த அந்த வாரமே அவை உன் விரலில் தட்டுப்பட்டிருக்கும். பன்னிரண்டு வருடம் வைத்திருந்திருக்கிறாய்.

அன்று திரும்பும் வழியில் கேட்டிருக்கலாம். குளக்கட்டில் வண்டியை நிறுத்தி, கட்டிக் கொண்டு போன சோற்றைச் சாப்பிட்டோம். நீ நீர்க்காகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். "உப்புக் காணாதா?" என்று கேட்டாய். "காணும்" என்றேன்.

அந்த முதல் சோடி சரிவரவில்லை. நாம் கொடுத்த சவர்க்காரம் அவர் வேலை செய்து முடிப்பதற்குள் காய்ந்து சுருங்கிப் போயிருந்தது. மரமும் அந்தச் சுருங்கிய அளவுக்கு வந்துவிட்டது. நீ சலிக்கவில்லை. புதுக் கட்டியில் பதித்து, ஈரத் துணியில் சுற்றி, வாழையிலையில் கட்டிக் கொண்டு போனோம். அதற்கும் ஒரு குறை இருந்தது. மறுபடியும் போனோம். பிள்ளை இல்லாத வீட்டில் இருபத்தைந்து வருடம் இருவரும் வேண்டிய அளவே கதைத்துப் பழகியவர்கள். அந்த மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து நீ கதைத்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சின்ன வயதில் குளத்தில் விழுந்த கதை. படிப்பை நிறுத்தியபோது ஒரு வாரம் யாரோடும் கதைக்காமல் இருந்த கதை. காற்றில் பாதி பறந்துபோகும்; மீதிக்கு நான் "ம்" கொட்டிக்கொண்டே ஓட்டுவேன்.

ஒருநாள் குளக்கட்டில் இருந்தபோது கேட்டாய்: "இஞ்சேருங்க, பிடி சரிவந்தா மறுகா என்னத்தச் சாட்டி வெளிக்கிடுறது?"

"மத்தத் துவக்கு இரிக்கி தானே" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நீதான் என்னை அனுப்பினாய். நாலாவது தரம் செய்த பிடி தயார் என்று சாகாமத்திலிருந்து ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். உனக்கு முதல்நாளிலிருந்து தடிமன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "நான் வரல்ல, நீங்க பொயிட்டு வாங்க. திருகாணி ஓடுதா எண்டு முறுக்கிப் பாத்து வாங்கோணும்" என்று அந்த இரண்டையும் என் சட்டைப் பையில் போட்டுவிட்டாய். சுபஹு தொழுதுவிட்டு விடியவே வெளிக்கிட்டேன். வாசல் படலையில் நின்று, மழைக்கோட்டை எடுத்துப் போங்கள் என்று சொன்னாய். மழை வராது என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அவர் துளையைக் கடைசியாக ஒரு தரம் துருவிக்கொண்டிருந்தபோது றோட்டில் ஆட்கள் ஓடி வந்தார்கள். கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்றார்கள். எனக்கு அந்த வாக்கியம் விளங்கவில்லை. அவர்தான் மரத்துண்டுகளைப் பேப்பரில் சுற்றி என் சட்டைப் பைக்குள் திணித்து, "போங்க காக்கா, வீட்டுக்குப் போங்க" என்று தள்ளினார்.

அக்கரைப்பற்று வரை வண்டி தடையில்லாமல் போனது. அதற்குப் பிறகு ஆட்கள் எதிரே வந்துகொண்டே இருந்தார்கள். நிந்தவூரில் வண்டியை விட்டுவிட்டு நடந்தேன். நம் வீதி இருந்த இடத்தில் வீதி இல்லை. கிணற்றுக் கட்டை மட்டும் வைத்து நம் வளவைக் கண்டுபிடித்தேன். உன்னை மறுநாள் காலை பள்ளிவாசல் முற்றத்தில் கண்டேன். வரிசையாகக் கிடத்தியிருந்தவர்களில் சுவர்ப் பக்கம், இரண்டாவதாய். நான் தைத்த சட்டையின் கழுத்துப் பட்டியைப் பார்த்துத்தான் அடையாளம் சொன்னேன். அன்றே எல்லோரையும் சேர்த்து அடக்கினோம். எந்த இடத்தில் நீ என்று இன்றைக்கும் எனக்குக் குத்துமதிப்பாகத்தான் தெரியும்.

மூன்றாம் நாள், பாடசாலையில் தங்கியிருந்தபோது, யாரோ கொடுத்த மாற்றுடுப்பை உடுக்கச் சட்டையைக் கழற்றினேன். பையில் பேப்பர்ப் பொட்டலமும் இரண்டு திருகாணியும் இருந்தன. பிடி இருந்தது, துவக்கு இல்லை, நீ இல்லை. பக்கத்தில் இருந்தவர் என்னவென்று கேட்டார். மரம் என்றேன்.

இரண்டு வருடம் போலக் கழிந்து, பழைய அயலவர் ஒருவர் சாக்கில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இடிபாடு அள்ளும்போது அகப்பட்டதாம். "போடியார்ர துவக்கெண்டு தெரிஞ்சிது. உங்களுக்கிட்டத் தராம வேற ஆருக்குக் குடுக்கிற?" என்றார். ஒன்றுதான். மற்றது இன்று வரை இல்லை. சேற்றுப் பலகாரம் போல ஒரு துருக்கட்டி. நான் பொட்டலத்தை அவிழ்த்து முதிரைத் துண்டை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். எங்கும் உட்காரவில்லை. அப்போது திரும்பவும் சண்டை தொடங்கியிருந்தது. துவக்கை அரிசிப் பீப்பாயின் அடியில் வைத்தேன். இந்தத் தரம் எதையும் எரிக்கவில்லை.

யுத்தம் முடிந்தது என்று வானொலி சொன்ன நாளில் சந்தியில் பட்டாசு கொளுத்தினார்கள். பாற்சோறு வெட்டிக் கொடுத்தார்கள். நான் ஒரு துண்டை வாங்கிக்கொண்டு வந்து இந்த அறையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நீ இருந்திருந்தால், "இனி எங்க வெளிக்கிடுறது?" என்று கேட்டிருப்பாய். ஆயுதம் வைத்திருப்பவர்கள் ஒப்படைக்க வேண்டும் என்று சில நாளில் வாகனத்தில் அறிவித்துப் போனார்கள். மறுநாள் கிராம அலுவலரையும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, துவக்கைத் துணியில் சுற்றிப் பொலிசுக்குக் கொண்டு போனேன். பொறுப்பாக இருந்தவர் குழாய்க்குள் ஈர்க்குச்சி விட்டுப் பார்த்தார். அது போகவில்லை. "இத வெச்சி என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார்.

"பிடி போடப் போறன்."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, சுட முடியாத பழம்பொருள் என்று ஒரு கடிதம் எழுதித் தந்தார். வாழ்க்கையில் முதல் தரமாக அதைப் பகலில் கையில் வைத்துக்கொண்டு றோட்டில் நடந்தேன். இத்தனை இலேசாக இருந்த காரியமா அது என்று இருந்தது.

சாகாமத்து ஆள் இருந்தார். கால் இன்னும் மோசமாகியிருந்தது. உன்னைப் பற்றி அவர் கேட்கவில்லை. யாரோ சொல்லியிருக்க வேண்டும். நான் பொட்டலத்தை நீட்டி, மரத்தைச் செதுக்கித் தாருங்கள் என்றேன். அவர் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"மரத்துல கை வெக்கப்பிடாது காக்கா. மரம் சரி. இரும்புதான் துருவுல ஊதிக் கிடக்கு. துருவ எடுங்க."

புளித்தண்ணியில் ஊறவைத்து, மண்ணெண்ணெய் தொட்டு, செங்கல் தூளால் தேய்த்தேன். மாதக்கணக்கில் அதுதான் எனக்கு வேலை. துரு போனது. ஆனால் துருவோடு இரும்பும் கொஞ்சம் போயிருந்தது. இப்போது முதிரைத் துண்டுகள் இரண்டும் அழகாக உட்கார்ந்தன, முளை குழிக்குள் போனது, கறுத்த திருகாணியும் ஓடியது. ஆனால் பிடித்து அசைத்தால் ஒரு மயிரிழை ஆட்டம். திரும்பச் சாகாமம் போகலாம் என்று நினைத்தேன். பிறகு மெஷின் அறைக்குப் போனேன். சட்டைக் கொலருக்குள் வைக்கும் பக்ரம் துணி இருந்தது. இரும்பின் வடிவத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, வில் இருக்கும் இடத்தில் துளைவிட்டு, மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் வைத்து முறுக்கினேன். ஆட்டம் நின்றது. ஒரு தையல்காரனால் ஆகிற காரியம் கடைசியில் ஒன்று இருந்தது.

அதை உன் தங்கையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் வழியில் மகள் இல்லை, உரிமை அவளுடையது. அவள் கணவர் இப்போது துவக்கைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சண்டையும் கடலும் பார்த்த பிறகு அந்தச் சின்ன இரும்பைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்? அவள் மரத்தைத் தடவிப் பார்த்து அழுதாள். நான் அங்கேயே, அடுப்பெரியும் குசினி வாசலில் நின்று, அவளுக்குச் சொன்னேன்.

"மச்சி, பழைய பிடியக் கறையான் திங்கல்ல. நான்தான் எரிச்ச."

அவள் ஆச்சரியப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ராத்தா எனக்கிட்ட எப்பவோ சொன்னவ மச்சான்" என்று தன் அக்கா கதையைத் தொடங்கினாள்.

"என்ன சொன்னவ?"

"சாம்பல் சட்டியில ஆணி கிடந்திச்சாம். 'மனிசன் பயந்து பொயித்தாரு. அவரத் தனிய விட்டுட்டு வந்தது எண்ட பிழை. கேட்டா வெக்கப்படுவாரு, நீயும் கேட்டுடாத' எண்டு சொன்னவ."

தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். குடித்தேன். மீதியை அவளிடம் சொல்லவில்லை. அது உனக்குச் சொல்ல வேண்டியது. அன்று அட்டாளைச்சேனையிலிருந்து நான் பஸ்ஸில் திரும்பி வந்து இறங்கியதிலிருந்து அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

இரும்பைப் புதைத்தது பயத்தில்தான். அது உண்மை. ஆனால் மரத்தை எரிக்கப் பயம் தேவையில்லை. நாலு மரத்துண்டுக்காக எவரும் எவரையும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள். விறகோடு விறகாக வைத்திருக்கலாம். அலுமாரியில் போட்டிருக்கலாம். அன்று அடுப்படியில் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அது எனக்கு நன்றாகத் தெரியும்.

நம் கலியாணச் சாப்பாட்டன்று உன் பெரியப்பா ஒருவர் சுவரில் இருந்து ஒரு துவக்கை இறக்கி என் கையில் தந்தார். நான் வாங்கத் தெரியாமல் வாங்கினேன். "பாத்துப் புடிங்க மாப்புள, ஊசி புடிச்ச கைக்கு இது பாரம்" என்றார். சபை சிரித்தது. நீ உள்ளே இருந்தாய், உனக்குக் கேட்டிருக்காது. அதற்குப் பிறகு அவர் அதை மறந்திருப்பார். நான் அந்தச் சுவரைக் கடந்து போகும் ஒவ்வொரு தரமும் நினைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் நீ அந்தப் பிடியைத் துடைக்கும்போது உன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். நான் தைத்துத் தந்த எதையும் நீ அப்படிப் பார்த்ததில்லை என்று எனக்குள் ஒரு கணக்கு. உன் வீட்டில், உன் முன்னோரின் சுவருக்குக் கீழே, உன் சோற்றைச் சாப்பிடுகிறவன் என்று என்னையே நான் சொல்லிக்கொண்டேன். நீ ஒருநாளும் சொன்னதில்லை. உன் பார்வையிலும் அது இருந்ததில்லை. சுற்றிவளைப்பு எனக்கு ஒரு சாட்டு. மரம் எரிந்தபோது ஓர் இனிப்பு மணம் வந்தது. எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த நெருப்பில் கொதித்த தண்ணீரில்தான் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன்.

நீ அதைப் பயம் என்று நினைத்தாய். என்னைத் தனியே விட்டது உன் பிழை என்று நினைத்தாய். இல்லாத ஒரு பிழையை உன்மேல் போட்டுக்கொண்டு, நான் வெட்கப்படக்கூடாது என்று திருகாணிகளை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாய். நான் எரிக்காமல் விட்டிருந்தால் நாம் பிடி தேடிப் போயிருக்கமாட்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் உன்னோடு வீட்டில் இருந்திருப்பேன். நான் எரித்ததையும் நான் தப்பியதையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை. விளங்காமலே எழுந்து தொழுகிறேன், தைக்கிறேன், சமைத்துச் சாப்பிடுகிறேன்.

மோட்டார் சைக்கிளை இன்னும் விற்கவில்லை. வளைவுகளில் வேகத்தைக் குறைக்கிறேன். பின்னால் ஒருவர் இருந்தால் குறைக்கிற அளவுக்கு. நீ கதைத்தவற்றில் காற்று கொண்டுபோகாத பாதி என்னிடம் இருக்கிறது. உன் மன்னிப்பும் இருக்கிறது. ஆனால் அது பயந்துபோன ஒரு மனிதனுக்கு நீ கொடுத்தது. பொறாமைப்பட்டவன் அதை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். அவனுக்காக உன்னிடம் நான் இதுவரை கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.